மூன்றாமவர்: இணையவழிக் கற்பித்தலும் நமது பல்கலைக்கழக ஆசிரியர்களும்

(மடுல்கெல்லவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



பல்கலைக்கழக ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலை எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்பதுதான் இன்றைய பொருள். இதைப் பேராதனையிலோ கொழும்பிலோ பேசினால் கேட்பதற்கு ஆளிருக்கும், மடுல்கெல்லவில் யாருக்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். இங்கேதான் இதைப் பேசவேண்டும் என்பது என் எண்ணம். மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு விரிவுரையாளர் பேசிய பேச்சு கடைசியாக வந்து சேரவேண்டிய இடம் இது. வந்து சேர்ந்ததா என்பதைச் சொல்லக்கூடியவர்கள் நீங்கள். இந்த அறக்கட்டளை யார் நினைவாக நிறுவப்பட்டதோ அவர், ஓராசிரியர் பாடசாலையில் தொடங்கித் தன் வாழ்நாள் முழுவதும் தோட்டப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர். அவருடைய தொழிலையும் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் என்னுடைய தொழிலையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்கும் இது பொருத்தமான மேடை.

2020 மார்ச் இரண்டாம் வாரத்தில் நாட்டில் முதலாவது உள்ளூர்க் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். அடுத்த சில நாட்களில் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டன. 20ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்கு. விடுதிகளிலிருந்து மாணவர்கள் பையும் கையுமாக ஊர் திரும்பினார்கள். இரண்டு வாரத்தில் திரும்பலாம் என்று புத்தகங்களை விடுதி அறையிலேயே விட்டு வந்தவர்கள் பலர். அந்தப் புத்தகங்களை அவர்கள் மீண்டும் கையில் எடுக்கப் பல மாதங்கள் ஆயின.

அந்த நேரத்தில் நாட்டின் பல்கலைக்கழகங்களைத் தாங்கிப் பிடித்தது லேர்ன் எனப்படும் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு. பேராசிரியர் அபய இந்துருவ போன்றவர்களின் முயற்சியால், 1990 அளவில், பல்கலைக்கழகங்களுக்கிடையே மின்னஞ்சல் கொண்டுசெல்லும் சிறிய சேவையாகத் தொடங்கியது அது. அதன் பணியகம் இந்தக் கண்டி மாவட்டத்தில்தான், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஸூம் வசதியை எல்லா அரச பல்கலைக்கழகங்களுக்கும் லேர்ன் ஏற்பாடு செய்து கொடுத்தது. தொலைபேசி நிறுவனங்களோடு பேசி, பல்கலைக்கழகத் தளங்களுக்கு டேட்டா கட்டணம் இல்லாமல் செல்லவும் வழி பிறந்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய பொறியியலாளர்கள் செய்த வேலை இது. இதற்குரிய நன்றியை நாடு இன்னும் சரியாகச் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

அதே ஆண்டு செப்டெம்பரில் ஆசிய அபிவிருத்தி வங்கி ஒரு சுருக்க அறிக்கை வெளியிட்டது. இலங்கையின் உயர்கல்வி மாணவரில் ஏறத்தாழ 90 சதவீதமானோர் இணையவழிக் கல்வியை எட்ட முடிந்தது, இது ஜப்பான் போன்ற வசதியான நாடுகளோடு ஒப்பிடத்தக்கது என்றது அந்த அறிக்கை. கல்வி அமைச்சிலும் பல்கலைக்கழக அவைகளிலும் அந்த எண் பெருமையோடு பேசப்பட்டது. பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் நூற்றில் எஞ்சிய பத்துப் பேர் நாடெங்கும் சமமாகப் பரவி வாழ்பவர்கள் அல்லர். அவர்கள் வாழும் இடங்களுக்குப் பெயர் உண்டு, முகவரி உண்டு. நக்கிள்ஸ் மலையடிவாரத்துத் தோட்டங்கள் அந்த முகவரிகளில் அடங்கும். எட்டிய தொண்ணூறு பேரிலும், எட்டியது என்ன என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. வகுப்புக்குள் பெயர் தெரிவதும் பாடம் காதில் விழுவதும் ஒன்றாகிவிடாது.

இனி, ஆசிரியர்களின் ஏற்பை ஆய்வுலகம் எப்படி அளக்கிறது என்று பார்ப்போம்.

1989இல் பிரெட் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு கட்டுரை எழுதினார். ஒருவர் ஒரு கணினி முறையை ஏற்பதும் விடுவதும் பெரும்பாலும் இரண்டு எண்ணங்களைப் பொறுத்தது என்றார். இது என் வேலைக்குப் பயன்படுமா? இதைக் கையாள்வது எளிதா? தொழில்நுட்ப ஏற்பு மாதிரி என்று அது பெயர் பெற்றது. பின்னர் 2003இல் விஸ்வநாத் வெங்கடேஷும் டேவிஸும் மற்றும் இருவரும் சேர்ந்து அதை விரித்தார்கள். சுற்றியுள்ளவர்களின் செல்வாக்கு, வசதிச் சூழல் என்பனவும் சேர்ந்தன. இன்று இலங்கையிலோ தமிழ்நாட்டிலோ பல்கலைக்கழக ஆசிரியர்களின் இணையவழிக் கற்பித்தலைப் பற்றி ஒருவர் ஆய்வேடு எழுதினால், பெரும்பாலும் இந்த இரண்டு மாதிரிகளில் ஒன்றைத்தான் கையில் எடுப்பார். ஒன்று முதல் ஐந்து வரை புள்ளியிடும் வினாக்கொத்து, அதன்மேல் புள்ளிவிபரக் கணக்கு, முடிவில் பயிற்சியும் வசதியும் வேண்டும் என்ற பரிந்துரை.

டேவிஸ் தன் அளவுகோலைச் செம்மைப்படுத்தியது 152 பேரை வைத்து. அவர்களில் 112 பேர் டொரொன்டோவிலிருந்த ஐ.பி.எம். ஆய்வுகூடத்தின் ஊழியர்கள். மற்ற 40 பேர் பொஸ்டன் பல்கலைக்கழகத்தின் எம்.பி.ஏ. மாணவர்கள். அவர்களிடம் கேட்கப்பட்டது மின்னஞ்சல், கோப்புகளைத் திருத்தும் மென்பொருள், வரைபடம் போடும் மென்பொருள் பற்றி. ஒரு மனிதர், அவர் முன்னால் ஒரு கருவி. அந்த ஆய்வுக்கு அது போதும். கோப்பைத் திருத்துகிறவருக்குத் திருத்துவது எளிதாக இருந்தால் காரியம் முடிந்தது.

கற்பித்தலில் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். விரிவுரையாளருக்கு ஸூம் எளிதாக இருக்கலாம், பயனுள்ளதாகவும் தோன்றலாம். வினாக்கொத்தில் இரண்டுக்கும் ஐந்து ஐந்து புள்ளி போடலாம். மறுபக்கத்தில் இருக்கும் மாணவிக்கு அது எட்டாவிட்டால் அந்த ஐந்துக்கு என்ன பொருள்? ஆசிரியரின் மனத்தை அளக்கிறோம், கருவியை அளக்கிறோம், மூன்றாமவரை அளப்பதில்லை. நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றவையெல்லாம் இதற்கான விளக்கம்.

அந்த மூன்றாமவர் எங்கே இருந்தார் என்று பார்ப்போம். கலைப்பீடத்தில் தமிழ்மொழி மூலம் படிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே இருப்பவர்களுக்கு அவளைத் தெரியும், ஒவ்வொரு டிவிஷனிலும் அப்படி ஒருத்தியாவது இருந்தாள். லயத்தில் ஒரு காம்பரா, முன்னால் சிறிய இஸ்தோப்பு. வீட்டில் இணையம் வரக்கூடிய போன் ஒன்று. அது தம்பியின் பாடசாலை வேலைக்கும் வேண்டும். காம்பராவுக்குள் சிக்னல் இல்லை. கோயிலடிக்குப் போனால் ஒரு கோடு காட்டும், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு மேலே ஏறினால் இரண்டு கோடு. எட்டு மணி விரிவுரைக்கு அவள் அங்கே ஏறும்போது அம்மா கொழுந்தெடுக்கப் போயிருப்பார். பத்து மணிக்கு மேல் பனி இறங்கும். மழை வந்தால் போனைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டு இறங்கவேண்டும். அந்த நேரத்தில் விரிவுரையாளர் வரவைக் குறிக்கத் தொடங்கியிருப்பார்.

இது மலையகத்துக்கு மட்டும் உரிய துயரம் என்று சொல்ல வரவில்லை. ஊவாவின் பொஹிட்டியாவ கிராமத்தில் சிங்களப் பிள்ளைகளும் அவர்களுடைய ஆசிரியையும் சிக்னலுக்காகக் காட்டுக்குள் மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து, மலையுச்சியிலுள்ள பாறையில் ஏறியதை 2021இல் உலகச் செய்தி நிறுவனங்கள் படம்பிடித்துக் காட்டின. அங்கே ஆசிரியையும் சேர்ந்து ஏறினார் என்பதைக் கவனியுங்கள். மறுபக்கத்தில் என்ன நடக்கிறது என்று அவர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

கணக்கையும் கொஞ்சம் பார்ப்போம், ஏனென்றால் வாதத்தின் பாதி இந்தக் கணக்கில் இருக்கிறது. காணொளி இயங்கும் ஒரு மணி நேர ஸூம் வகுப்பு ஒரு ஜிகாபைட் அளவுக்கு டேட்டாவை விழுங்கக்கூடும். அதே ஒரு மணி நேரப் பேச்சின் குரலை மட்டும் சாதாரணத் தரத்தில் பதிவுசெய்தால் முப்பது மெகாபைட்டுக்குள் அடங்கும். அதே பேச்சின் சாரத்தைப் பத்துப் பக்கத் தமிழ்க் குறிப்பாக யூனிகோட்டில் எழுதினால் நூறு கிலோபைட்டைத் தாண்டாது. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். டேட்டா இலவசமாக இருந்த மாதங்களில் இது பணப் பிரச்சினையாகத் தெரியவில்லை, சிக்னல் பிரச்சினையாக மட்டும் இருந்தது. அந்தச் சலுகை நீடிக்கவில்லை. பிறகு வந்த பொதிகளுக்குக் காசு வேண்டியிருந்தது. 2020இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய். ரீலோட் கார்ட்டுக்கான காசு அரிசிக்கான காசிலிருந்துதான் வரவேண்டியிருந்தது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும், நெடுநாளாக என் மனதை அரிக்கும் விடயம். பெரும்பாலான கற்கைநெறிகளுக்கான பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் உண்டு, கண்டி இல்லை. மடுல்கெல்லப் பிள்ளை, கண்டி நகரத்துப் பெரிய கல்லூரிகளின் பிள்ளைகளோடு ஒரே மாவட்டக் கணக்கில் போட்டியிட்டுத்தான் உள்ளே வருகிறது. அப்படி வந்த பிள்ளையை, சிக்னல் இல்லாத காரணத்தால் வகுப்பில் பின்தங்கியவள் என்று நாம் எழுதி வைத்தோம்.

சரி, ஆசிரியர்கள் எதை ஏற்றுக்கொண்டார்கள்? பெரும்பாலானோர் ஏற்றுக்கொண்டது ஸூமை. எல்.எம்.எஸ். என்று சொல்லும் கற்றல் முகாமைத்துவத் தளத்தை ஒரு களஞ்சியமாக மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். பவர்பொயின்ட் போட்டுவைக்கும் அறை அது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியது. விரிவுரை மண்டபத்தில் செய்ததை அப்படியே கமெராவுக்கு முன்னால் செய்ய ஸூம் இடம் கொடுக்கிறது. எட்டு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு முடித்தால் வேலை முடிந்தது. எல்.எம்.எஸ்.இல் ஒரு பாடத்தை ஒழுங்காகக் கட்டுவது வேறு வகை உழைப்பு. பாடத்தைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கவேண்டும், ஒவ்வொன்றுக்கும் வாசிப்பு, கேள்வி, பயிற்சி வைக்கவேண்டும். மாணவர் எங்கே தடுக்கி விழுவார் என்று முன்கூட்டியே யோசிக்கவேண்டும், எழுதி அனுப்பியதைத் திருத்திக் குறிப்பு எழுதித் திருப்பவேண்டும். நேருக்குநேர் நடத்தும் பாடத்தைவிட இதற்கு நேரம் பல மடங்கு தேவை என்பது ஒருமுறை செய்து பார்த்த எவருக்கும் தெரியும்.

இந்த உழைப்பு எந்தக் கணக்கிலும் வரவில்லை. விரிவுரையாளரின் வேலைச்சுமையை மணித்தியாலத்தில் எண்ணுகிறோம். எட்டிலிருந்து பத்து என்றால் இரண்டு மணித்தியாலம். ஒரு பாடத்துக்கு நல்ல பயிற்சித் தொகுதி எழுத மூன்று வாரம் இரவிரவாக விழித்தால், அது சுழியம். பதவியுயர்வில் கனத்த எடை ஆய்வுக் கட்டுரைக்கு. நன்றாகக் கட்டிய பாடத்தளம் ஒன்றை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. வயது போன ஆசிரியர்கள் கணினிக்குப் பயந்தார்கள், அதனால்தான் இணையவழிக் கல்வி சரிவரவில்லை என்ற பேச்சு எளிதான பேச்சு. ஓய்வுபெறும் வயதை நெருங்கிய பேராசிரியர்கள் பேரப்பிள்ளைகளிடம் கேட்டுக் கற்று, ஒவ்வொரு பாடத்துக்கும் குரல்பதிவு செய்து வட்ஸ்அப் குழுவில் போட்டதை நான் அறிவேன். அவர்கள் செய்தது எந்த அதிகாரபூர்வ அறிக்கையிலும் ஏறவில்லை. பல்கலைக்கழகம் எண்ணியது எல்.எம்.எஸ். உள்நுழைவுகளைத்தான்.

பெண் விரிவுரையாளர்களின் நிலையையும் இங்கே குறிப்பிடவேண்டும். வீட்டிலிருந்து கற்பித்த மாதங்களில் அவர்களுக்கு வீட்டு வேலை குறையவில்லை. பிள்ளைகளின் வகுப்பு ஒரு போனில், தன் வகுப்பு மடிக்கணினியில், அடுப்பில் சோறு. கமெராவை நிறுத்திவைத்தார்கள் என்று அவர்களையும் குறைசொன்னோம்.

மூடில் என்ற தளத்தின் கதை இந்த ஊருக்குப் பிடிக்கும் என்பதால் சொல்கிறேன். நமது பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் எல்.எம்.எஸ். இதுதான். இதை ஆக்கி 2002இல் வெளியிட்ட மார்ட்டின் டூகியமாஸ், மேற்கு அவுஸ்திரேலியாவின் பாலைநிலத்தில், மிகத் தொலைவான ஒரு குடியிருப்பில் வளர்ந்தவர். பள்ளிக்கூடத்துக்குப் போகமுடியாத தூரம். சிற்றலை வானொலி வழியாகப் பாடம் கேட்டுப் படித்தார். தூரத்தில் இருக்கும் பிள்ளைக்குப் பேச இடம் வேண்டும் என்பதை அனுபவத்தால் அறிந்த ஒருவர் செய்த கருவி அது. அதில் கலந்துரையாடல் களம் இருக்கிறது, மாணவர் சேர்ந்து எழுதும் பக்கம் இருக்கிறது, ஒருவர் வேலையை மற்றவர் பார்த்துக் கருத்துச் சொல்லும் வசதி இருக்கிறது. அவற்றையெல்லாம் பூட்டிவைத்துவிட்டு, கோப்பு ஏற்றும் பொத்தானை மட்டும் பயன்படுத்தினோம்.

ஏற்றிய கோப்புகளுக்கு என்ன நடந்தது என்பதையும் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும். தமிழ்மொழி மூல விரிவுரையாளர்கள் பலருடைய குறிப்புகள் இருபது வருடமாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்தவை. பாமினியை நான் குறை சொல்லமாட்டேன். இலங்கைத் தமிழரின் சஞ்சிகைகளையும் நினைவு மலர்களையும் கல்யாண அழைப்பிதழ்களையும் அது சுமந்திருக்கிறது. ஆனால் அது யூனிகோட் அல்ல. அந்த எழுத்துரு நிறுவப்பட்ட கணினியில்தான் தமிழாகத் தெரியும். ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் ஒருவர் வேர்ட் கோப்பை ஏற்றினார். அவருடைய திரையில் அழகான தமிழ். மாணவியின் போனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் சாய்கோடும் கலந்த குவியல். "சேர், நோட்ஸ் வரவில்லை" என்று அவள் செய்தி அனுப்பினாள். "ஏற்றியிருக்கிறேன் பிள்ளை, வடிவாகப் பாருங்கள்" என்றார் அவர். இருவரும் உண்மையே சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்து அவள் அந்தத் திரையைப் படமெடுத்து அனுப்பிய பிறகுதான் விடயம் வெளித்தது. பிறகு பி.டி.எப். ஆக்கினார்கள். எழுத்துத் தெரிந்தது. ஆனால் கையகலத் திரையில் ஏ4 பக்கம், விரலால் பெருப்பித்துப் பெருப்பித்து வரி வரியாக இழுத்து வாசிக்கவேண்டும். ஒரு சொல்லைத் தேடமுடியாது. ஒரு பந்தியை எடுத்து நண்பிக்கு அனுப்பினால் மறுபடி அதே குவியல். பாமினியிலிருந்து யூனிகோட்டுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒருவர் உட்கார்ந்து வாசித்துத் திருத்தவேண்டும், அவ்வளவுதான். அந்த ஒருவரை நியமிக்க எந்தப் பீடமும் யோசிக்கவில்லை.

தொலைவிலிருந்து கற்பிக்கும் வித்தை இந்த நாட்டுக்குப் புதிதும் அல்ல. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980இல் தொடங்கியது. கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் அதன் பிராந்திய நிலையம் இருக்கிறது. தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் எத்தனையோ பேர் அங்கே போய்த்தான் பட்டமும் டிப்ளோமாவும் எடுத்தார்கள். இந்த அவையிலும் சிலர் இருப்பீர்கள். அதன் அச்சிட்ட பாடநூல்களை நினைத்துப் பாருங்கள். பாடத்தின் நடுவே நிறுத்தி ஒரு கேள்வி கேட்கும், எழுத இடம் விடும், அடுத்த பக்கத்தில் விடை தரும். ஆசிரியர் பக்கத்தில் இல்லாதபோது அவருடைய இடத்தை எழுத்து எப்படி எடுத்துக்கொள்ளலாம் என்று பல ஆண்டுகள் யோசித்து உருவாக்கிய முறை அது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு 2003இல் தொடங்கிய தொலைக்கல்வி நவீனமயமாக்கல் திட்டம் அதை இணையத்துக்குக் கொண்டுபோக முயன்றது. 2020இல் நமது வழமையான பல்கலைக்கழகங்கள் அந்த அனுபவத்தை முதலில் தேடிப் போயிருக்கவேண்டும். பெரும்பாலும் போகவில்லை.

இந்த அறக்கட்டளைக்குப் பெயர் தந்த ஆசிரியரும் அதே வித்தையை அறிந்தவர். ஓராசிரியர் பாடசாலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தகரக் கூரைக்குக் கீழே ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு, ஒரு வாத்தியார். ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லும்போது இரண்டாம் வகுப்பு சிலேற்றில் எழுதும், மூன்றாம் வகுப்பில் பெரிய பிள்ளை ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் சேர்ந்து வாசிப்பார்கள். தான் பார்க்காத நேரத்தில் ஒவ்வொரு வகுப்பும் என்ன செய்துகொண்டிருக்கும் என்பதை அவர் காலையிலேயே தீர்மானித்திருப்பார். மாணவருக்கு முன்னால் ஆசிரியர் இல்லாத வேளையில் நடக்கும் கற்றலைத் திட்டமிடுவது அவருக்கு அன்றாட வேலை. இணையவழிக் கற்பித்தலுக்குத் தேவையான திறமை அதுதான். மென்பொருளைப் பற்றிய பயிற்சிப் பட்டறைகள் எத்தனை நடத்தினாலும், இந்தத் திட்டமிடலைக் கற்றுத்தராவிட்டால் நம் ஆசிரியர்கள் கமெராவுக்கு முன்னால் இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டேதான் இருப்பார்கள்.

2021 ஜூலையில் நடந்ததையும் இந்த வரலாற்றில் சேர்க்கவேண்டும். கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்துப் போராடிய ஆசிரியர் சங்கத் தலைவர்கள் கைதுசெய்யப்பட்டுத் தனிமைப்படுத்தல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அதைக் கண்டித்து, சம்பள முரண்பாட்டுக் கோரிக்கையும் சேர, பாடசாலை ஆசிரியர்கள் ஜூலை 12 முதல் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினார்கள். பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனமும் அந்த மாதம் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தியது. பாடசாலை ஆசிரியர்களின் போராட்டம் ஒக்டோபர் வரை நீண்டது. பிள்ளைகளுக்கு அதனால் நேர்ந்த இழப்பைச் சிறிதாகச் சொல்லமாட்டேன். ஆனாலும் ஒரு விடயம் அப்போதுதான் நாட்டுக்குத் தெரிந்தது. அதுவரை ஆசிரியர்கள் சொந்தப் போனில், சொந்தச் செலவில் வாங்கிய டேட்டாவில், சொந்த வீட்டில் இருந்து செய்தது ஓர் உதவி போலப் பார்க்கப்பட்டது. நிறுத்தியபோது அது வேலை என்று தெரிந்தது. ஏற்பு மாதிரிகள் ஆசிரியரைப் பயனர் என்று அழைக்கின்றன. தொழிலாளி என்ற கோணத்தில் அவை பார்ப்பதே இல்லை.

அடுத்த ஆண்டு பொருளாதார நெருக்கடி. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. எரிபொருள் இல்லை, பஸ் இல்லை. மறுபடியும் வகுப்புகள் இணையத்துக்குப் போயின. மின்சாரமே இல்லாத நேரத்தில் இணையவழி வகுப்பு நடத்துவது எப்படி என்று யாரும் சொல்லித்தரவில்லை. அந்த மாதங்களில் தாக்குப்பிடித்த பாடங்கள் எவை? ஏற்கெனவே குரலாகவும் எழுத்தாகவும் இறக்கிவைக்கக்கூடிய வடிவில் இருந்தவை. மின்சாரம் வந்த நேரத்தில் இறக்கி, போன நேரத்தில் படித்தார்கள்.

பெருந்தொற்றின் முதல் மாதத்திலேயே, 2020 மார்ச் 27இல், அமெரிக்கக் கல்வியியலாளர்கள் ஐவர் ஒரு கட்டுரையில் எச்சரித்தார்கள். நெருக்கடியில் அவசரமாக இணையத்துக்கு மாற்றிய கற்பித்தலையும், மாதக்கணக்கில் திட்டமிட்டு வடிவமைத்த இணையவழிக் கல்வியையும் ஒன்றாகக் கருதாதீர்கள், முன்னதை வைத்துப் பின்னதை எடைபோடாதீர்கள் என்றார்கள். நாம் எடைபோட்டோம். மண்டபங்கள் திறந்தவுடன், இணையவழி சரிவராது, பார்த்தோமே என்ற முடிவோடு பலர் பழைய இடத்துக்குத் திரும்பினார்கள். இன்னும் சிலர் எதிர்ப்பக்கம் போனார்கள். இனி எல்லாம் இணையத்தில் செய்யலாம், விடுதிச் செலவு மிச்சம் என்றார்கள். தோட்டத்துப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் பாடம் மட்டும் தருவதில்லை. மேசையும் மின்விளக்கும் நூலகமும், தனக்கென்று ஒரு கட்டிலும் அங்கேதான் முதன்முதலில் கிடைக்கின்றன. அதை இணையத்தைக் காட்டிக் குறைக்க எவருக்கும் இடம் கொடுக்கக்கூடாது. இந்த இடத்தில் என் நிலைப்பாடு உறுதியானது. இணையவழி ஏற்பாடு விடுதிக்கும் மண்டபத்துக்கும் மேலதிகமாக வரவேண்டியது.

இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை ஆசிரியர்கள் ஏற்கிறார்களா என்று அதே வினாக்கொத்தைத் தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள். அதே இரண்டு கேள்விகள். மூன்றாமவரைக் கேட்கும் கேள்வியை இம்முறையாவது சேர்ப்பார்களா என்று பார்க்கவேண்டும்.

சேர்ப்பதாக இருந்தால் என்ன கேட்கலாம்? பாடத் தளம் ஒன்றை மதிப்பிடும்போது, ஆசிரியர் எத்தனை முறை உள்நுழைந்தார் என்று பார்ப்பதை விட்டுவிடலாம். குறைந்த சிக்னல் உள்ள இடத்திலிருந்து சாதாரண போனில் ஒரு வாரப் பாடத்தை முழுமையாக இறக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது, எவ்வளவு டேட்டா போகிறது? தமிழ்க் குறிப்பு போனில் தமிழாகத் தெரிகிறதா? நேரடி வகுப்பைத் தவறவிட்ட மாணவி அந்த வாரத்துக்குள் அதை ஈடுசெய்ய முடிகிறதா? அவள் எழுதி அனுப்பியதற்குப் பதில் வந்ததா? இவற்றை அளப்பதற்குப் பெரிய புள்ளிவிபர மென்பொருள் தேவையில்லை. மடுல்கெல்லவிலிருந்து ஒரு மாணவி போனைத் திறந்து பார்த்துச் சொன்னால் போதும். அப்படிக் கட்டிய பாடத்துக்குப் பதவியுயர்வில் ஓர் ஆய்வுக் கட்டுரைக்குரிய எடை கொடுக்கவேண்டும். கட்டுவதற்கு எடுத்த நேரத்தை வேலைச்சுமையில் எண்ணவேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிலும் பீடச் சபைகளிலும் இதைப் பேசுவதற்கு ஆசிரியர் சங்கங்கள் முன்வரவேண்டும். சம்பளத்துக்காகக் குரல் கொடுத்தது நியாயம், இதற்காகவும் குரல் கொடுக்கலாம்.

அறக்கட்டளைக் குடும்பத்தினரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை, தமிழ்மொழி மூலப் பட்டப்படிப்பின் முதலாமாண்டுப் பாடம் ஒன்றின் குறிப்புகளை யூனிகோட்டுக்கு மாற்றவும், அதன் விரிவுரைகளைக் குரலாகப் பதிவுசெய்யவும் ஒதுக்க முடியுமா என்று யோசியுங்கள். மாற்றித் திருத்துவதற்கு மாணவர் இருவருக்கு விடுமுறைக் காலத்தில் சிறு கொடுப்பனவு கொடுத்தால் போதும், அவர்களில் ஒருவர் இந்தத் தோட்டங்களிலிருந்து வந்தவராக இருக்கட்டும். என் பாடத்தின் குறிப்புகளையும் பதிவுகளையும் அதற்கு முதலில் தருகிறேன். முடிந்ததும் இங்கே கொண்டுவந்து, கோயிலடியிலும் மடுவத்தடியிலும் நின்று இறக்கிப் பார்த்து, எது வந்தது, எது வரவில்லை என்று பிள்ளைகள் சொல்லட்டும். வராததை மறுபடி செய்வோம்.